ஏழு ஊர்களும் ஒரு வினாவும்

தேர்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கொடிகளும் தோரணங்களும், ஒலிபெருக்கிகளும் ஊர்வலங்களுமே. வாக்குக் கேட்டு வருவோர் பேசுவர்; வாக்களிப்போர் கேட்டுக்கொண்டிருப்பர். இதுவே முறை என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், மக்களாட்சியின் இலக்கணத்தைச் சற்று ஆராய்ந்தால், வினவ வேண்டியவர் வாக்காளர் என்பதும், விடையிறுக்க வேண்டியவர் வேட்பாளர் என்பதும் விளங்கும். “நீர் சட்டசபைக்குச் சென்றால், இன்ன பொருளில் எப்பக்கம் கை தூக்குவீர்?” என்னும் கேள்விக்குத் தெளிவான விடை பெறாமல் அளிக்கும் வாக்கு, விலை கேளாமல் வாங்கிய சரக்கைப் போன்றது. இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்தும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய் மாநிலத்தில், 1858ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கனுக்கும் ஸ்டீபன் டக்ளசுக்கும் இடையே நடந்த சொற்போரே அந்நிகழ்ச்சியாகும்.

அதனைக் கூறுமுன், இருபத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வது நலம். 1832ஆம் ஆண்டில் லிங்கன் இருபத்துமூன்று வயது இளைஞர். நியூ சேலம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். மாநிலச் சட்டசபைக்குப் போட்டியிட எண்ணிய அவர், தம் பகுதி வாக்காளருக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்பகுதி உழவர்களின் கவலைகள் மூன்று. விளைந்த தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. கடன் வட்டி கழுத்தை நெரித்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி போதவில்லை. இளைஞர் லிங்கன் இம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தம் கருத்தைக் கூறினார். இருப்புப்பாதை வேண்டும் என்பது பலர் விருப்பம். அது நல்லதுதான், ஆனால் அதற்கு 2,90,000 டாலர் செலவாகும் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள், நம் சக்திக்கு அது மீறியது, ஆகவே சாங்கமன் ஆற்றைச் செப்பனிட்டுப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்குவதே இப்போது இயலக்கூடியது என்று அவர் எழுதினார். அளவுக்கு மிஞ்சிய வட்டியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார். கல்வியே மக்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பொருள்களுள் தலையாயது என்றார்.

அத்தேர்தலில் அவர் தோற்றார். போட்டியிட்ட பதின்மூவருள் எட்டாம் இடமே அவருக்குக் கிடைத்தது. ஆயினும், அவரை நேரில் அறிந்த நியூ சேலம் மக்கள் அளித்த 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், அவர் சட்டசபைக்குள் நுழைந்தார். மக்கள் எதைக் கேட்கின்றனர் என்று அறிவதும், இயலாததை இயலாது என்று சொல்வதும், வேட்பாளருக்குரிய முதற் பண்புகள் என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டுகின்றது.

இனி 1858க்கு வருவோம். ஆறும் வட்டியும் பள்ளியும் பற்றிய கேள்விகள் அப்போதும் மறைந்துவிடவில்லை. முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவில் பெரிய வாணிக நெருக்கடி ஒன்று ஏற்பட்டு வங்கிகள் பல முறிந்தன. ஆனால், அவை அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு வினா முன்னே நின்றது. மேற்கே விரிந்து கிடந்த புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை புகலாமா, கூடாதா என்பதே அவ்வினா. அந்நாளில் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக வாழ்ந்தனர். 1820இல் ஏற்பட்ட மிசௌரி உடன்பாடு, லூசியானா நிலப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு வடக்கே, மிசௌரி மாநிலம் நீங்கலாக, அடிமை முறை கூடாது என்று வரையறுத்திருந்தது. 1854இல் டக்ளஸ் முன்னின்று நிறைவேற்றிய கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அவ்வரையறையை நீக்கிவிட்டது. அந்தந்தப் பிரதேசத்தில் குடியேறுவோரே அடிமை முறை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும் என்பது டக்ளசின் கொள்கை. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இக்கொள்கையின் பயனாகக் கான்சஸ் பிரதேசத்தில் இரு சாராரும் குடியேறி மோதிக்கொள்ள, குருதி சிந்தியது.

இந்நிலையில் 1857ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதேசங்களில் அடிமை முறையைத் தடை செய்யக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று அத்தீர்ப்பு கூறியது. கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாகவே கருதப்படமாட்டார்கள் என்றும் கூறியது. இங்கேதான் சிக்கல் எழுகின்றது. அடிமையை உடைமையாகக் கொண்டு செல்லும் உரிமை அரசியலமைப்பு அளித்த உரிமையானால், குடியேறியவர்கள் வாக்களித்து அதனை எவ்வாறு தடுக்க முடியும்? அவர்களால் தடுக்க முடியுமென்றால், நீதிமன்றத் தீர்ப்புக்கு என்ன பொருள்? டக்ளஸ் தம் கொள்கையையும் தாங்கினார், தீர்ப்பையும் தாங்கினார். ஒரே நேரத்தில் இரண்டு படகுகளில் கால் வைத்த நிலை அது.

அவ்வாண்டு டக்ளசின் செனட் பதவிக்காலம் முடிவுற இருந்தது. குடியரசுக் கட்சியினர் லிங்கனை அவருக்கு எதிராக நிறுத்தினர். இங்கே மாணவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாளில் செனட் உறுப்பினரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதைப் போல, அங்கே மாநிலச் சட்டசபையினரே தேர்ந்தெடுத்தனர். அம்முறை 1913இல்தான் மாறியது. ஆகவே லிங்கனும் டக்ளசும் மேடையேறிப் பேசியது தமக்கு நேரே வாக்குக் கேட்பதற்கன்று. தம் கட்சிச் சட்டசபை வேட்பாளர்களுக்கு வாக்குச் சேர்ப்பதற்காகும். சட்டசபைத் தேர்தலில் எப்பொருள் விவாதிக்கப்பட வேண்டும் என்பதை இவ்விருவரின் சொற்போரே முடிவு செய்தது.

டக்ளஸ் நாடறிந்த தலைவர். உயரத்தால் ஐந்தடி நான்கங்குலம். ஆற்றலாலோ, ‘சின்ன ராட்சதன்’ என்று பெயர் பெற்றவர். லிங்கனோ ஆறடி நான்கங்குலம். புகழில் மிகச் சிறியவர். டக்ளஸ் பேசிய ஊர்களுக்குப் பின்னாலேயே சென்று லிங்கன் மறுமொழி கூறி வந்தார். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அதனை எள்ளி நகையாடின. எனவே, ஒரே மேடையில் இருவரும் வாதிடுவோம் என்று சூலை 24ஆம் நாள் லிங்கன் கடிதம் எழுதினார். டக்ளஸ் இசைந்தார். மாநிலத்தின் ஒன்பது காங்கிரசுத் தொகுதிகளுள் இரண்டில் இருவரும் ஏற்கெனவே பேசிவிட்டமையால், எஞ்சிய ஏழிலும் ஒவ்வோர் ஊர் குறிக்கப்பட்டது. ஒட்டாவா, பிரீபோர்ட், ஜோன்ஸ்பரோ, சார்லஸ்டன், கேல்ஸ்பர்க், குவின்சி, ஆல்ட்டன் என்பன அவ்வேழு ஊர்கள். முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம். மறுப்பவருக்கு ஒன்றரை மணி நேரம். முதல்வர் முடித்துரைக்க அரைமணி நேரம். இடையே நடுவர் எவரும் இல்லை. ஆயிரக்கணக்கான மக்கள் ரயிலிலும் வண்டியிலும் கால்வாய்ப் படகிலும் வந்து, மூன்று மணி நேரம் நின்றுகொண்டே கேட்டனர். இன்று ஒரு நிமிடப் பேச்சையே நீளம் என்று கருதும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

ஆகஸ்டு 21ஆம் நாள் ஒட்டாவாவில் டக்ளஸ் தொடங்கினார். தொடக்கத்திலேயே லிங்கனை நோக்கி ஏழு வினாக்களை எழுப்பினார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்தை நீக்குவீரா? புதிய அடிமை மாநிலங்களைச் சேர்க்க மறுப்பீரா? தலைநகரில் அடிமை முறையை ஒழிப்பீரா? இவ்வாறு அவ்வினாக்கள் அமைந்தன. அத்துடன், 1854இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் லிங்கனின் கட்சியினர் நிறைவேற்றியதாகச் சில கடுமையான தீர்மானங்களையும் படித்தார். சில நாட்களுக்குள் உண்மை வெளிவந்தது. அத்தீர்மானங்கள் ஸ்பிரிங்பீல்டில் நிறைவேறியவையல்ல. அரோரா என்னும் வேறோர் ஊரில் நிறைவேறியவை. பத்திரிகைகள் பழைய இதழ்களைப் புரட்டி ஒப்பிட்டமையால் பிழை பிடிபட்டது. மேடையில் ஒரு தாளை உயர்த்திக் காட்டிப் படித்தால் அது சான்றாகிவிடாது என்பதை அன்றைய வாக்காளர் கண்கூடாகக் கண்டனர்.

ஆறு நாள் கழித்துப் பிரீபோர்ட்டில் லிங்கன் விடை பகர்ந்தார். அவர் விடையளித்த முறை நம் கவனத்திற்குரியது. கேள்விகள், ‘நீர் இதற்கு உறுதி பூண்டிருக்கின்றீரா?’ என்னும் வாய்பாட்டில் இருந்தமையால், முதலில் அவ்வாய்பாட்டுக்கு ஏற்ப, பெரும்பாலானவற்றுக்கு ‘உறுதி பூண்டிலேன்’ என்றே சுருங்க விடை கூறினார். அத்தோடு அவர் நின்றிருந்தால் அது வழக்கறிஞரின் தப்பித்தலாக முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. கேள்வியின் சொல்லுக்கு விடை கூறிவிட்டேன். இனி என் உள்ளக் கருத்தைக் கூறுகின்றேன் என்ற போக்கில் முக்கியமானவற்றை விளக்கினார். பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுப்பது காங்கிரசின் உரிமையும் கடமையும் ஆகும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

பின்னர் அவர் டக்ளசை நோக்கி நான்கு வினாக்களை விடுத்தார். அவற்றுள் இரண்டாவதே வரலாற்றில் நிலைத்தது. ஒரு பிரதேசம் மாநிலமாவதற்கு முன்னர், அங்குள்ள மக்கள் சட்டப்படியான ஏதேனும் ஒரு வழியில் அடிமை முறையை விலக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால், குடியேறியோரே முடிவு செய்யலாம் என்ற கொள்கை வீழும். இல்லினாய் வாக்காளர் வெறுப்பர். முடியும் என்றால், உச்சநீதிமன்றத் தீர்ப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காயாகும். தென் மாநிலத்தார் சினப்பர். டக்ளஸ் தயங்கவில்லை. முடியும் என்றார். நீதிமன்றம் என்ன சொன்னாலும், உள்ளூர்ச் சட்டமும் காவலும் துணை நில்லாவிட்டால் அடிமை முறை ஒருநாளும் நிலைக்காது. மக்கள் விரும்பாவிடில் அவர்கள் சட்டசபை அத்துணையை மறுக்கலாம் என்பது அவர் விடை. ஜோன்ஸ்பரோவிலும் கேல்ஸ்பர்க்கிலும் லிங்கன் இவ்விடையை விடாமல் தொடர்ந்தார். அரசியலமைப்பு அளிப்பதாகச் சொல்லப்படும் உரிமையை உள்ளூர்ச் சட்டம் மறுக்க முடியும் என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்.

டக்ளஸ் இக்கருத்தைப் பிரீபோர்ட்டுக்கு முன்னரே வேறு இடங்களிலும் கூறியிருக்கின்றார். ஆகவே, லிங்கனின் ஒரே வினாவால் டக்ளஸ் வீழ்ந்தார் என்று கதை போலச் சொல்வது மிகையாகும். அவ்வினாவின் பயன் வேறிடத்தில் இருக்கின்றது. அங்கங்கே சிதறிச் சொல்லப்பட்ட கருத்து, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், ஆம் அல்லது இல்லை என்னும் அளவுக்குத் தெளிவாகி, அச்சிலும் ஏறியது. இனி அதனை மறுக்கவோ, ஊருக்கு ஊர் மாற்றவோ வழியில்லை.

ஊருக்கு ஊர் மாற்றுவது என்பது சிறு செய்தியன்று. இல்லினாயின் வட பகுதியில் அடிமை முறையை வெறுத்தோர் மிகுதி. தென் பகுதியில் தென் மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோர் மிகுதி. கறுப்பின மக்கள்பால் அவர்களுக்கிருந்த வெறுப்பும் மிகுதி. வடக்கே ஒரு பேச்சும் தெற்கே ஒரு பேச்சுமாக லிங்கன் பேசுகின்றார் என்று டக்ளஸ் குற்றஞ் சாட்டினார். அக்குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். செப்டம்பர் 18ஆம் நாள் சார்லஸ்டனில் பேசத் தொடங்கிய லிங்கன், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூகச் சமத்துவமும் அரசியற் சமத்துவமும் ஏற்படுத்துவது தம் நோக்கமன்று என்று வெளிப்படையாகக் கூறினார். வாக்குரிமை வழங்குவதையும் அவர் ஆதரிக்கவில்லை. பிற்காலத்தில் அடிமைகளுக்கு விடுதலை வழங்கிய பெருந்தலைவரின் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை என்பதை மாணவர்கள் மறைக்காமல் கற்க வேண்டும். வரலாறு பெரியோர்க்கு மாலை சூட்டும் கலையன்று.

அவர் ஏன் அவ்வாறு பேசினார் என்று எண்ணிப் பாருங்கள். எதிரே நின்ற கூட்டத்தில் வாக்குரிமை உடையோர் வெள்ளை ஆடவர் மட்டுமே. பெண்கள் வந்து கேட்டனர், வாக்களிக்க இயலாது. கறுப்பின மக்களுக்கோ வாக்கும் இல்லை; நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராகச் சான்று கூறும் உரிமையும் இல்லை. வெளியிலிருந்து கறுப்பின மக்கள் வந்து குடியேறுவதையே தடுக்கும் சட்டம் ஒன்று 1853 முதல் இல்லினாயில் இருந்தது. ஏழு ஊர்களில் இருபத்தொரு மணி நேரம் விவாதிக்கப்பட்டது அவர்களுடைய வாழ்வு. ஆயினும் அதைப்பற்றி ஒரு வினாவேனும் எழுப்பும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்கள் வாக்காளராயிருந்திருந்தால், அம்மேடைகளில் முதல் வினா வேறாக இருந்திருக்கும். லிங்கனின் சார்லஸ்டன் பேச்சும் வேறாக இருந்திருக்கும். வேட்பாளர் பேசும் பொருளையும், பேசும் தொனியையும், எதிரே வாக்குச்சீட்டுடன் நிற்பவர் யார் என்பதே பெரிதும் வரையறுக்கின்றது.

இச்சொற்போர் நமக்குக் கிடைத்ததற்குச் சுருக்கெழுத்தாளருக்கும் நன்றி கூற வேண்டும். இரு கட்சிப் பத்திரிகைகளும் சுருக்கெழுத்தாளரை அனுப்பி முழுப் பேச்சையும் வெளியிட்டன. ஒவ்வொன்றும் தன் தலைவரின் பேச்சைத் திருத்தமாகவும், எதிரியின் பேச்சைத் தாறுமாறாகவும் அச்சிட்டதாக ஒன்றையொன்று குறை கூறின. லிங்கன் அதற்கும் ஒரு வழி கண்டார். டக்ளசின் பேச்சை டக்ளசின் கட்சிப் பத்திரிகையிலிருந்தும், தம் பேச்சைத் தம் கட்சிப் பத்திரிகையிலிருந்தும் கத்தரித்து ஒட்டித் தொகுத்தார். 1860இல் அது நூலாக வெளிவந்து நாடெங்கும் பரவியது.

தேர்தலின் முடிவு என்ன? மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் குடியரசுக் கட்சிக்கே வாக்குகள் சற்று மிகுதி. ஆயினும் பழைய மக்கள் தொகைக் கணக்கை ஒட்டிய தொகுதிப் பங்கீட்டாலும், அவ்வாண்டு தேர்தலுக்கு உட்படாத மேலவை உறுப்பினர்களாலும், டக்ளசின் கட்சியே சட்டசபையில் பெரும்பான்மை பெற்றது. 1859 சனவரி 5ஆம் நாள், 54 வாக்குகள் பெற்று டக்ளஸ் வென்றார். லிங்கனுக்குக் கிடைத்தவை 46. ஆனால் டக்ளஸ் அளித்த விடையைத் தென் மாநிலத்தார் மறக்கவில்லை. 1860இல் அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்தது. பிளவுக்குப் பிற காரணங்களும் உண்டு. அவ்வாண்டு லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1865இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

இவ்வரலாற்றில் மற்றொருவரையும் நான் குறிப்பிடாமல் விட இயலாது. சிகாகோ நகரில் ஜான் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர் தையற்கடை நடத்தி வந்தார். 1858இல் அவருக்கு வாக்கில்லை. எந்த வேட்பாளரும் அவரிடம் வந்து ஆதரவு கேட்க வேண்டிய தேவையில்லை. ஆயினும் அவர் வாளா இருக்கவில்லை. இல்லினாயின் கறுப்பர் சட்டங்கள் ஏன் நீக்கப்பட வேண்டும் என்பதைக் காரணங்களுடன் எழுதி, 1864இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டுச் சட்டசபையினரை வற்புறுத்தினார். மறு ஆண்டே அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. 1870இல் பதினைந்தாம் திருத்தம், நிறத்தைக் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்றது. 1871இல் ஜான் ஜோன்ஸ் தம் மாவட்ட ஆட்சிக் குழுவுக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்கள் அந்நாடு முழுவதும் வாக்குரிமை பெற 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாணவ நண்பர்களே! நம் நாட்டில் 1951–52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலேயே, சாதி, பால், செல்வம், கல்வி என்னும் வேறுபாடு எதுவுமின்றி, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வழங்கப்பட்டது. 1989இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. கல்லூரியில் கால் வைக்கும்போதே அவ்வுரிமை உங்கள் கைக்கு வந்துவிடுகின்றது. ஆகவே உங்கள் தொகுதிக்கு வேட்பாளர் வரும்போது என்ன கேட்பது என்பதை முன்னரே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஆறு வேண்டுமா, பள்ளி வேண்டுமா என்பது சிறு வினாவன்று. 1832இல் லிங்கன் அதற்கும் கணக்குக் காட்டி விடை கூறினார். ‘நல்லது செய்வேன்’ என்பது விடையாகாது. எவ்வளவு செலவு, எங்கிருந்து பணம், எச்சட்டத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று கேளுங்கள். பக்கத்து ஊரில் அவர் என்ன சொன்னார் என்று விசாரியுங்கள். அவர் காட்டும் தாள் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பாருங்கள். சொன்னதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள்.

இவை அனைத்தையும் செய்தபின், கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே பேசப்படும் பொருளால் யாருடைய வாழ்வு மாறப்போகின்றதோ, அவர்கள் அங்கே நிற்கின்றார்களா? பட்டியலில் பெயர் விடுபட்டோர், வேலை தேடி வெளியூர் சென்றோர், கூச்சத்தால் பின்வரிசையில் ஒதுங்கி நிற்போர் இருப்பர். அவர்களிடம் சென்று, வேட்பாளரிடம் நீங்கள் கேட்க விரும்புவது யாது என்று கேளுங்கள். அவ்வினாவையும் எழுதிக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள்.